பற்றாத ஃபர்னஸ்: சென்சரைத் துடைப்பதா, இக்னைட்டரை மாற்றுவதா?

ஜனவரி மாதத்து ரொறன்ரோவில், வெளியே மைனஸ் 20 பாகை குளிர் அடிக்கும் இரவில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் பற்றாமல் போனால், மேலே படுத்திருப்பவர்களுக்குத் தெரிவது சூடு வரவில்லை என்பது மட்டுமே. பேஸ்மென்டுக்கு இறங்கிப் பார்த்தால் அதே பழுது இரண்டு விதமாகத் தோன்றும்: ஒன்றில் தீ பற்றவே பற்றாது, மற்றொன்றில் நன்றாகப் பற்றிச் சில விநாடிகளில் அணைந்துவிடும். முதலாவதில் தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டரையும், இரண்டாவதில் தீ எரிகிறதா என்று உணரும் ஃப்ளேம் சென்சரையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைப் பிரித்தறியாமல் பாகம் வாங்குவது வீண் செலவு.

பார்ப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேஸ் மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வீட்டாரோடு வெளியேறி, வெளியே நின்றபடிதான் தொலைபேசியில் அவசர உதவியை அழைக்க வேண்டும். மணம் இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்துவிட்டு, பர்னர் பக்கத்துச் சிறு கண்ணாடித் துளை வழியாகக் கவனிக்கலாம். முதலில் புகை வெளியேற்றும் சிறு மோட்டார் சுழலும். அந்த இழுவையை உணரும் பிரஷர் சுவிட்ச் மூடி மின்சுற்றை இணைக்கும். இக்னைட்டர் செம்மஞ்சளாகச் சிவக்கும். அதன் பிறகே கேஸ் வால்வ் திறந்து நீலத்தீ ஒரு பர்னரிலிருந்து அடுத்த பர்னருக்குத் தாவும். இந்த வரிசை எந்த இடத்தில் அறுகிறது என்பதே நமக்கு வேண்டிய விடை.

நீலத்தீ வந்து, நாலைந்து எண்ணுவதற்குள் 'டக்' என்ற வால்வ் ஓசையோடு அணைந்து, சற்று நேரத்தில் மறுபடி முயன்று, சில முயற்சிகளுக்குப் பின் இயந்திரம் தன்னையே பூட்டிக்கொண்டால், சென்சர்மீது என் சந்தேகம் உறுதியாகிவிடும். சென்சர் என்பது தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய உலோகக் கம்பி. தீச்சுவாலையில் உள்ள மின்னேறிய துகள்கள் வழியாக ஒரு நுண்ணிய மின்னோட்டம் பாய்கிறது. கம்பி சிறியது, பர்னரின் பரப்பு பெரியது என்பதால் அது ஒரு திசையில் மட்டுமே கணிசமாக ஓடும். அளவு சில மைக்ரோ ஆம்பியர்தான். கம்பியின் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு படலம் படிந்தாலே அந்த ஓட்டம் தளர்ந்து, எரிகிற தீயை எரியவில்லை என்று கட்டுப்பாட்டுப் பலகை முடிவு செய்து கேஸை நிறுத்திவிடும். மெல்லிய எஃகுக் கம்பளியால் இலேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எங்கள் வீட்டில் ஒருமுறை முழு ஃபர்னஸையும் மாற்றச் சொல்லிவிட்டுப் போனார் ஒருவர். அடுத்து வந்தவர் ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, அந்தக் கம்பியைத் துடைத்துப் பத்து நிமிடத்தில் எரிய வைத்தார். துடைத்த பின்னும் அணைந்தால் நில இணைப்பு (எர்த் கம்பி) தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் அறிகுறியும் இதுவே.

மோட்டார் ஓடியும் சிவப்பொளியே தோன்றவில்லை என்றால், இக்னைட்டர் முதன்மைச் சந்தேகம். பழைய சிலிக்கன் கார்பைடு வகை சாம்பல் நிறத்தில், கரடுமுரடாக, மிக எளிதில் முறியக்கூடியது. அதை வெறும் விரலால் தொட்டால் தோலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகி விரைவில் வெடித்துவிடும். மின்சாரத்தை அணைத்து, இணைப்பைக் கழற்றி மீட்டரில் அளந்தால், நல்லது பெரும்பாலும் 40 முதல் 90 ஓம் வரை காட்டும். முறிந்தது எதையும் காட்டாது. சிலிக்கன் நைட்ரைடு வகையோ வலுவானது, நீண்ட நாள் உழைப்பது. அதன் எண் பொதுவாக 20 ஓமுக்குள் இருப்பதால், முதல் வகையின் அளவை மனதில் வைத்து இதைப் பழுது என்று தள்ளிவிடக் கூடாது. விலை கூடினாலும் நான் நைட்ரைடையே விரும்புவேன். ஆனால் சில மாதிரிகள் 120 வோல்ட்டிலும் சில 80 வோல்ட்டிலும் இயங்குவதால், உங்கள் ஃபர்னஸ் மாதிரிக்கு உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்ட பாகத்தை மட்டுமே போட வேண்டும்.

செலவை வைத்து ஒப்பிட்டால் சென்சரைத் துடைப்பதற்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. அதற்காக, சிவப்பொளியே வராத ஃபர்னஸில் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. இரண்டுமே குற்றவாளி இல்லாத இரவுகளும் உண்டு: கதவுப் பலகை சரியாகப் பொருந்தாததால் பாதுகாப்புச் சுவிட்ச் அழுந்தாமல் இருக்கலாம், உயர்திறன் ஃபர்னஸின் புகை வெளியேறும் வெள்ளைக் குழாய் வெளியே பனிக்குவியலில் புதைந்து, பிரஷர் சுவிட்ச் மூடாமல் இருக்கலாம். முன்னதைச் சரியாக அழுத்தி மூடலாம். பின்னதைச் சவளால் பனியை அகற்றிச் சரிசெய்யலாம்.

ஒன்ராறியோவில் எரிவாயுச் சாதனங்களைத் திறந்து பழுதுபார்ப்பது உரிமம் பெற்ற தொழில்நுட்பருக்கு உரிய வேலை. கேஸ் வால்வையும் குழாயையும் வேறு எவரும் தொடவே கூடாது. அவரை அழைக்கும்போது "ஃபர்னஸ் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், சிவப்பொளி வந்ததா, தீ எத்தனை விநாடி நின்றது, கட்டுப்பாட்டுப் பலகையில் விளக்கு எத்தனை முறை சிமிட்டியது என்ற மூன்றையும் சொல்லுங்கள். சரியான பாகத்தை வண்டியில் எடுத்துக்கொண்டே அவர் வருவார்.