வைட்டமின் சியா நியாசினமைடா? நம்ம தோலுக்கும் கேஎல் (கோலாலம்பூர்) வெயிலுக்கும் எது மேல எது

பரு போயிடுது, அது விட்டுட்டுப் போற கருப்புதான் போகமாட்டேங்குது. மாநிறம், கருப்பு தோல் உள்ளவங்களுக்கு இதான் பெரிய தலவலி, சின்ன பரு காஞ்சாலும் அந்த எடத்துல தோலுக்கு நெறம் குடுக்கற மெலனின் கூடிப்போயி மாசக்கணக்கா கறையா நிக்கும். அதனால வெள்ளத் தோல்காரங்க வீடியோல காட்டற ஏழு பாட்டில் வரிசைய அப்படியே காப்பியடிக்காம, இந்தக் கறைக்கு எது உதவும்னு மட்டும் பாப்போம்.

மொதல்ல வைட்டமின் சி. மெலனின் உண்டாகறதையே இது குறைக்கும், வெயிலால வர்ற சேதத்தையும் கொஞ்சம் தடுக்கும். 2005ல வந்த ஒரு ஆய்வுல 15% வைட்டமின் சி, 1% வைட்டமின் ஈ, கூட 0.5% ஃபெருலிக் ஆசிட் சேத்தப்போ அந்தப் பாதுகாப்பு ரெண்டு மடங்கு ஆச்சு, இன்னைக்கு நெறைய கம்பெனி இந்த மூணையும் ஒண்ணா போடறது அதனாலதான். ஆனா அசல் வைட்டமின் சியான எல்-அஸ்கார்பிக் ஆசிட் தோலுக்குள்ள எறங்கணும்னா பிஎச் (புளிப்பு அளவு, கொறஞ்சா புளிப்பு கூட) 3.5க்கு கீழ இருக்கணும், அதான் போட்டவொடனே சுருக்குனு இருக்கும், அந்த எரிச்சலே சிலருக்கு புதுசா கறைய கெளப்பிடும். இன்னொண்ணு, சூடு, வெளிச்சம், காத்து மூணுமே இதுக்கு ஆகாது. ஏர்கோன் இல்லாத ரூம்ல டிரெஸ்ஸிங் டேபிள் மேல வச்சிருந்தீங்கன்னா தண்ணி மாதிரி இருந்த சீரம் கொஞ்ச கொஞ்சமா தே-ஓ (பால் இல்லாத டீ) கலருக்கு மாறும், அப்புறம் அத மொகத்துல தடவறதுல ஒரு புண்ணியமும் இல்ல. வாங்குனா சின்ன பாட்டிலா வாங்கி பிரிட்ஜ்ல வச்சிடுங்க.

நியாசினமைடு வைட்டமின் பி3ல ஒரு வகை, வேலை செய்யற விதமே வேற. மெலனின் உண்டாகறத இது நிறுத்தாது, உண்டானது மேல்தோல் செல்லுக்குப் போய்ச் சேர்றத குறைக்கும். எரிச்சல் கம்மி, சீக்கிரம் கெட்டுப்போகாது, எண்ணெய் வழியறதும் கொஞ்சம் அடங்கும், வெலையும் கைக்கு அடக்கம். 5% போதும், 10% 20%னு போட்டிருக்கறத பாத்து மயங்காதீங்க, கூடக் கூட சிலருக்கு மொகம் செவந்துபோகும். என்னைக் கேட்டா இங்க காலையில நியாசினமைடுதான் ஜெயிக்குது, எல்ஆர்டி ஸ்டேஷனுக்கு நடக்கறதுக்குள்ள வேர்த்து ஊத்தற ஊருல வேற எதுக்கு இவ்ளோ நோவணும்?

ரெண்டையும் சேத்துப் போடக்கூடாதுன்னு ஒரு கதை இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. அது 1960கள்ல ரொம்ப சூட்டுல நடந்த சோதனைங்கள வச்சு வந்த பயம், நம்ம மொகத்துல அந்த அளவு சூடும் கெடையாது, இப்ப வர்ற சீரமும் அப்படி கெடையாது. சேத்துப் போடலாம், சி மொதல்ல, அது காஞ்சதும் நியாசினமைடு. நேரம் பாத்து அரை மணி நேரமெல்லாம் காத்திருக்க வேணாம்.

ராத்திரிக்கு போட்டி சாலிசிலிக் ஆசிட்டுக்கும் ரெட்டினாலுக்கும். சாலிசிலிக் எண்ணெயில கரையற ஆசிட், அதனால அடைச்சுக்கிட்ட துவாரத்துக்குள்ளயே போகும், மூக்கு தாடைல கரும்புள்ளி உள்ளவங்களுக்கு 2% நல்லா கேக்கும். ரெட்டினால் வைட்டமின் ஏல ஒரு வகை, மெதுவான ஆளு, ஆனா பரு, கறை, சுருக்கம் மூணையும் பாத்துக்கும். புதுசா ஆரம்பிக்கறவங்க ஒரே ராத்திரில ரெண்டையும் மேல மேல தடவுனா தோல் உரிஞ்சு எரியும், எரிஞ்ச எடம் திரும்பக் கருக்கும், எதுக்காக வாங்குனோமோ அதே பிரச்சனை. ஒரு நாள் அது, ஒரு நாள் இது, நடுவுல ஒரு நாள் ரெண்டும் இல்லாம வெறும் மாய்ஸ்சரைசர். மாசமா இருக்கறவங்க ரெட்டினால் பக்கமே போகாதீங்க அக்கா, டாக்டர்கிட்ட அசெலாயிக் ஆசிட் பத்தி கேளுங்க.

ஈரத்த பிடிச்சு வைக்கற ஹயலுரானிக் ஆசிட்? நாள் பூரா ஏர்கோன் ஆப்பீஸ்ல ஒக்காந்திருக்கறவங்களுக்கு சரி, ஈர மொகத்துல தடவி மேல க்ரீம் போடுங்க. வெளிவேல பாக்கறவங்க அந்தக் காச மிச்சம் பிடிக்கலாம்.

அடுக்கு கூடக் கூட வேற ஒரு தொல்லை, மேல சன்ஸ்கிரீன தேய்க்கும்போது காதோரமா வெள்ள வெள்ளயா அழுக்கு மாதிரி உருண்டு வரும். அப்படி வந்தா சீரம் ஒண்ண கழட்டுங்க, சன்ஸ்கிரீன குறைக்காதீங்க. மத்தியானத்துல இங்க வெயிலோட கடுமைய காட்டற யூவி இன்டெக்ஸ் 11ஐ சாதாரணமா தாண்டும், போதாததுக்கு கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே நம்ம நெறத்துல கறைய கூட்டும், அதுக்கு அயர்ன் ஆக்ஸைடு கலந்த, லேசா கலர் உள்ள சன்ஸ்கிரீன்தான் சரி.

பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) "ஒரே வாரத்துல வெள்ளை"ன்னு விக்கறத மட்டும் இந்த ஒப்பீட்டுலயே சேக்கல. அந்த மாதிரி சாமான்ல பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் எல்லாம் இருந்து என்பிஆர்ஏ (மலேசியாவோட மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு அமைப்பு) தடை பண்ணது எத்தனையோ. வாங்கறதுக்கு முன்னாடி 'நாட்' (NOT)னு ஆரம்பிக்கற நோட்டிஃபிகேஷன் நம்பர என்பிஆர்ஏ வெப்சைட்ல போட்டுப் பாருங்க, பேரும் கம்பெனியும் ஒத்து வரலன்னா அங்கயே வச்சிட்டு வாங்க.