கடிகாரமா, மாறிலிகளா?
கடவுள் இருப்பதற்கு வடிவமைப்பைச் சான்றாகக் காட்ட நினைப்பவர்கள் எதைக் கையில் எடுப்பது? உயிர்களின் நுட்பத்தையா, இயற்பியல் மாறிலிகளின் (ஈர்ப்பு விசையின் வலிமை போன்ற மாறா எண்களின்) நுண்பொருத்தத்தையா, அதாவது அவை சற்றே வேறாக இருந்தாலும் உயிர் தோன்றியிருக்காது என்பதையா?

எளிமை: முதலாவதுதான். 1802இல் ஆங்கிலேய மதகுரு வில்லியம் பேலி சொன்ன கடிகார உவமை (கடிகாரத்தைச் செய்த ஒருவர் இருப்பதுபோல உயிர்களைப் படைத்த ஒருவரும் இருக்க வேண்டும்) குழந்தைக்கும் புரியும். மாறிலிகளுக்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

எதிர்வாதத்தைத் தாங்கும் திறன்: கண்ணின் நுட்பத்தைக் காட்டினால், 1859இல் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு (பயனுள்ள சிறு மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்வது) பதில் சொல்லிவிடுகிறது. மாறிலிகளிடம் அந்தப் பதில் செல்லாது. பரிணாமம் தொடங்கவே விண்மீன்களும் கார்பனும் வேண்டுமே! பல பிரபஞ்சங்கள் இருந்தால் ஒன்றில் தற்செயலாகப் பொருந்தாதா என்பார்கள். சரி, நல்ல கேள்விதான். ஆனால் அவற்றை யாரும் இன்னும் கண்டறியவில்லை. அவற்றை உருவாக்கும் விதிகள் எங்கிருந்து வந்தன என்று திருப்பிக் கேட்கலாம்.

வியப்பைப் பகிரக் கடிகாரம் போதும். அறிவியல் படித்தவரோடு வாதிட மாறிலிகள். ஒரு குறிப்பிட்ட மதத்தின் கடவுளை நிறுவ இரண்டுமே போதாது.