வாட்ஸ்அப் 'டாக்டரம்மா'வின் முட்டிவலி மாத்திரை: வீட்டு வேலை செய்யும் பெண்கள் கவனம்

மலேசியாவில் வீட்டு வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பெண்கள் இதைப் படியுங்கள், தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்.

நான் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய உடம்பு அவருக்கு, இப்போதும் நல்ல கனம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, அப்புறம் குளியலறைக்கு என்று தூக்கித் தூக்கியே என் முட்டி போய்விட்டது. அரசாங்க கிளினிக்கில் உள்ளூர்க்காரர்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). நமக்கோ பல மடங்கு. அதனால் நம்மில் பலரைப் போல நானும் ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு போனில் தேடினேன். தமிழில் தேடினால் வருவதெல்லாம் தமிழ்நாட்டு வீடியோ. அதில் சொல்லும் மருந்து இங்கே எந்தக் கடையில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? ஒரு வீடியோவின் கீழே "மலேசியாவில் உள்ளவர்கள் அழைக்கவும்" என்று நம்பர் போட்டிருந்தது. ஆள் பிடிக்கிற இடமே அதுதான்.

பேசிய அம்மா தன்னைச் சித்த டாக்டர் என்றார். என் பெர்மிட் எப்போது முடிகிறது என்றுகூட அக்கறையாக விசாரித்தார். "கிளினிக் பக்கம் போகாதே தங்கச்சி, பேர் ஏறிடும், ஃபோமிமாவில பெயிலாக்கி ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்றார். சுத்தப் பொய். ஃபோமிமா என்பது வேலை பெர்மிட்டுக்காக வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் செய்யும் தனி மருத்துவச் சோதனை. முட்டிவலிக்கு மருந்து வாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பயத்தைக் காட்டித்தான் 180 வெள்ளி கறந்தார்.

பச்சை மூடி டப்பா, 'சுத்த மூலிகை'. மறுநாளே வலி பறந்துவிட்டது. இரண்டாவது டப்பாவும் விற்றார். பிறகு முகம் பூரி மாதிரி உப்பியது. அடங்காத பசி, தாகம். வீட்டு அம்மா பயந்துபோய் கிளினிக்குக் கூட்டிப் போனார். சர்க்கரை எகிறியிருந்தது. "இவ்வளவு சீக்கிரம் கேட்டதென்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கும்" என்றார் டாக்டர். வலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் திருட்டுத்தனமாகக் கலப்பது இங்கே பழைய கதை. சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

இங்கே பதிவான மருந்துக்கு எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். பாரம்பரிய மருந்தென்றால் எண்களுக்குப் பின்னால் டி (T) என்ற எழுத்து வரும். என் டப்பாவில் எண் இருந்தது, ஸ்டிக்கர் இல்லை. மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் வீட்டு அம்மா அந்த எண்ணைத் தட்டினால் ஏதோ இருமல் மருந்து வருகிறது! சர்க்கரையைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த 'டாக்டரம்மா' அதற்கும் தனி டப்பா விற்கிறார்.

ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டை அப்படி நிறுத்துவதும் ஆபத்து. டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். இப்போதுதான் பணம் அனுப்பியிருந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த 'டாக்டரம்மா' என்னை பிளாக் செய்துவிட்டார். இப்போது வேறு பெயரில், வேறு நம்பரில் டிக்டாக்கில் வருகிறார். மூடி மட்டும் சிவப்பு.