பிஎல்டிசி ஃபேன்: வாரண்டி முடிந்த பிறகு எப்படி?

வாங்கிய முதல் மாதம் எல்லா ஃபேனும் நன்றாகத்தான் ஓடும். மூன்று கோடை தாண்டிய பிறகுதான் எது தேறும், எது தேறாது என்று தெரியும்.

பிஎல்டிசி என்றால் பிரஷ் இல்லாத டிசி மோட்டாரை ஒரு எலெக்ட்ரானிக் போர்டு ஓட்டும் ஃபேன். இதன் மின்சாரச் சேமிப்பில் சந்தேகமே வேண்டாம். 48 அங்குல சாதா ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். பிஎல்டிசி 28 முதல் 35 வாட்தான். தினமும் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்குச் சுமார் 40 யூனிட் குறையும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளில் சிலவற்றின் விலையும் ஏறிவிடும் என்பதால், அந்த எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். எப்போதாவது ஓடும் அறைக்கு இதைப் போடுவது தண்டம்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது சாதா ஃபேன் சோர்ந்துவிடும். பிஎல்டிசி அதே வேகத்தில் சுற்றும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் இல்லை.

தொல்லை போர்டில்தான். சாதா ஃபேன் மெதுவாகச் சுற்றினால், கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்பினால், பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். 2.5 மைக்ரோ ஃபாரட், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பிஎல்டிசியில் அந்தக் கண்டன்சரே கிடையாது. போர்டு போனால் அதே மாடல் போர்டுதான் வேண்டும். கடையில் கிடைக்கும் 'யுனிவர்சல்' போர்டு சிலதில் ஓடும், சிலதில் நின்ற இடத்திலேயே உதறும். அதனால் உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இல்லாத பிராண்டை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

போர்டு என்று முடிவு கட்டும் முன் ரிமோட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்போதும் கிளம்பாவிட்டால், மெயினை அணைத்து, சில நிமிடம் விட்டு, போர்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களைக் கழற்றி, இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். மூன்றிலும் அளவு காட்டி, அவை ஒன்றாக இருந்தால் காயில் (மோட்டாரின் கம்பிச் சுற்று) பெரும்பாலும் நலம், கோளாறு போர்டில். ஒன்று மட்டும் மாறினால் காயில் போய்விட்டது.

போர்டு போவதற்கு முக்கியக் காரணங்கள் இடி மின்னல், திடீரென ஏறும் வோல்டேஜ், தகரக் கூரைச் சூடு. இவற்றோடு நாமே இழுத்துவிடும் ஒன்றும் உண்டு: பழைய ரெகுலேட்டர். 'அஞ்சுல வச்சுட்டா போதும்' என்று எலெக்ட்ரீஷியன் சொன்னாலும் கேட்காதீர்கள். யாராவது திருகினால் போர்டுக்கு ஆபத்து. ரெகுலேட்டரைக் கழற்றி, அதன் இரண்டு ஒயரையும் கனெக்டரில் நேராக இணைத்து, அந்த இடத்தை டம்மி பிளேட்டால் மூடச் சொல்லுங்கள்.

மாட்டும்போது கொக்கியில் உட்காரும் பழைய ரப்பர் புஷ்ஷைத் திரும்பப் போடாதீர்கள். போல்ட்டின் ஸ்பிளிட் பின்னும் புதிதாக இருக்கட்டும், இரண்டு காலையும் விரித்து மடக்குங்கள். ஃபேன் ஆடினால் இறக்கை ஸ்க்ரூக்களை இறுக்கிவிட்டு, சீலிங்கில் ஒரே புள்ளியிலிருந்து ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் டேப்பால் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இறக்கை வளைந்திருக்கிறது. இறக்கைகள் செட்டாக எடை பார்த்து வருபவை. ஒன்றை மட்டும் வேறு ஃபேனிலிருந்து எடுத்துப் போட்டால் ஆட்டம் நிற்காது.