டாஹோ ஏரியில் மலைச் சைக்கிள்: ஃப்ளூமா, டோட்ஸா, ரிம் ட்ரெயிலா?

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கும் நம் ஆட்களில் மவுண்டன் பைக் பழக்கம் வந்தவர்கள் ஜூன் பிறந்தால் கேட்கிற கேள்வி இது: டாஹோவுக்குப் போகிறோம், சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொள்கிறோம், கையில் இருப்பது ஒரே ஒரு நாள், எந்தப் பாதையில் ஓட்டுவது? யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் ஃப்ளூம் ட்ரெயில் என்று சொல்லிவிடுகிறார்கள். ஃப்ளூம் அருமையான பாதைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை. உங்கள் சைக்கிள் எவ்வளவு விலை, தொடையில் எவ்வளவு பலம் என்பதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்களுக்கு எதைக் கண்டால் பயம்? உயரத்தைக் கண்டா, பாறையைக் கண்டா? அதை நேர்மையாகச் சொல்லிக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். டாஹோ கலிஃபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,225 அடி உயரத்தில் கிடக்கிற ஏரி. சுற்றளவு 72 மைல், ஆழம் 1,645 அடி. அதைச் சுற்றி மலைமுகட்டிலேயே போகும் டாஹோ ரிம் ட்ரெயில் 165 மைலுக்கு மேல் நீளம். 1984-இல் வெட்டத் தொடங்கி 2001-இல்தான் வட்டம் முழுமையடைந்தது. வட்டம் என்றதும் சைக்கிளில் ஒரு சுற்று வந்துவிடலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். முடியாது. மேற்குக் கரையில் அந்தப் பாதை டெசலேஷன் காட்டுக்குள் போகிறது. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காக்கப்படும் அப்படிப்பட்ட காடுகளுக்குள் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. அதோடு அந்தப் பக்கம் பல மைலுக்கு ரிம் ட்ரெயிலும் பசிஃபிக் க்ரெஸ்ட் ட்ரெயில் என்ற நெடுந்தூர நடைபாதையும் ஒன்றாகவே போகின்றன, பசிஃபிக் க்ரெஸ்டிலும் சைக்கிளுக்குத் தடை. நாம் பேசப்போகும் பாதைகள் எல்லாம் கிழக்கிலும் தெற்கிலும் இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். கிழக்குக் கரை மழைமறைவுப் பகுதி என்பதால் பனியும் அங்கே சற்று முன்னதாகக் கரைகிறது.

சரி, ஃப்ளூம். நெவாடா பக்கம் ஸ்பூனர் ஏரியில் தொடங்குவீர்கள், அது சுமார் 7,000 அடி. அங்கிருந்து நார்த் கேன்யன் வழியாக ஒரு மண்சாலை, ஏறத்தாழ 5 மைல் ஏறி மார்லெட் ஏரிக்குக் கொண்டுபோய் விடும். இந்த ஏற்றத்தை யாரும் புகழ்ந்து எழுதுவதில்லை, ஆனால் அன்றைய உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான். கடைசி ஒரு மைல் செங்குத்தும் மணலும் சேர்ந்து வரும், இறங்கித் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர், அதில் ஒன்றும் குறைவில்லை. மார்லெட் அணையைத் தாண்டியதும் உண்மையான ஃப்ளூம் தொடங்குகிறது: நாலரை மைல் ஒற்றையடிப் பாதை, கீழே டாஹோ, உங்களுக்கும் ஏரிக்கும் நடுவில் 1,500 அடி காற்று.

இந்த நாலரை மைலும் ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதையின் குணமே புரிந்துவிடும். 1859-இல் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் மலைக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியா சிட்டி என்ற ஊர் மளமளவென்று வளர்ந்தது. அந்த வறண்ட ஊருக்குத் தண்ணீர் வேண்டும். 1870-களில் மார்லெட் ஏரியிலிருந்து மலைச்சரிவை ஒட்டி மரத்தொட்டிக் கால்வாய் போட்டு (ஆங்கிலத்தில் அதுதான் ஃப்ளூம்), அதை மலையைக் குடைந்த ஒரு சுரங்கப்பாதைக்குள் விட்டு மலைக்குக் கிழக்கே கொண்டுபோனார்கள். ஃப்ளூம் பாதை முடிகிற இடத்துக்கு டனல் க்ரீக் என்ற பெயரே அந்தச் சுரங்கப்பாதையால் வந்ததுதான். வாய்க்கால் வெட்டிப் பழக்கமுள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தண்ணீர் ஓடினால் போதும், பாயக்கூடாது, அதற்கேற்ற மிகச் சிறிய சரிவுதான் கொடுப்பார்கள். அந்தக் கால்வாய் கிடந்த தடம்தான் இன்றைக்கு நாம் ஓட்டும் பாதை. ஏறக்குறைய தட்டை, பெடல் மிதித்தால் போகும், அபூர்வத் திறமை எதுவும் தேவையில்லை. சுற்றி இருக்கும் காடும் பழங்காடு இல்லை. சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்கவும் அடுப்பெரிக்கவும் இந்தச் சரிவுகளை ஒட்ட வெட்டிவிட்டார்கள், இப்போது நிற்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு வளர்ந்தது. மேலே நின்று ஏரியைப் பார்க்கும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும்.

திறமை வேண்டாம் என்றேன், தைரியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இடது பக்கம் பல இடங்களில் அப்படியே சரிந்து போகும். பாதை சில இடங்களில் பாறையைச் சுற்றி ஒடுங்கும், ஹேண்டில்பார் உரசுமோ என்று தோன்றும். அங்கெல்லாம் இறங்கி நடப்பதுதான் சரி. மாடிப்படியில் நின்று கீழே பார்த்தாலே தலைசுற்றும் ஆட்களுக்கு ஃப்ளூமின் அழகு எதுவும் கண்ணில் ஏறாது, நாலரை மைலும் முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வருவார்கள். அவர்களை வற்புறுத்தி அழைத்துப்போகாதீர்கள். பாதை முடிந்து டனல் க்ரீக் சாலையில் இன்க்லைன் வில்லேஜ் பக்கம் இறங்கும்போது மணல்தான் ஆபத்து. களைத்த கையோடு வேகமாக வந்து திருப்பத்தில் முன்பிரேக்கை அழுத்துகிறவர்கள் விழுவது இங்கேதான், மேலே பள்ளத்தாக்கு ஓரத்தில் இல்லை. எல்லோரும் தெற்கிலிருந்து வடக்கே ஓட்டுகிறார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள், எதிரே வருபவருக்கு ஒதுங்க இடமே இல்லாத இடங்கள் உண்டு. மொத்தம் 13, 14 மைல். கீழே உள்ள சைக்கிள் கடையில் வாடகைக்கும் கிடைக்கிறது, மறுபடி ஸ்பூனருக்கு ஷட்டிலும் உண்டு, வார இறுதி என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிர் தெற்கில் இருக்கும் சாக்ஸன் க்ரீக் ட்ரெயில். அந்தப் பெயரில் கேட்டால் பலருக்குத் தெரியாது, மிஸ்டர் டோட்ஸ் வைல்ட் ரைட் என்றால் எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாக டோட்ஸ். ஃப்ளூமில் கண்ணுக்கு வேலை, இங்கே மொத்த உடம்புக்கும் வேலை. மேலிருந்து கீழே சுமார் 2,000 அடி இறக்கம், பெரும்பாலும் காட்டுக்குள், இறங்கும்போது ஏரி தெரியவில்லையே என்று ஏங்க நேரமும் இருக்காது. மேல்பகுதி முழுக்கக் கிரானைட் பாறைகள். சக்கரத்தை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு சில அடிக்கும் முடிவெடுக்க வேண்டும், சில படிகள் முழங்கால் உயரம். நன்றாக ஓட்டுகிறவர்களும் நின்று, மேலே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து இறங்குவார்கள். பாதிக்கு மேல் வந்ததும் பாதை மெல்ல மனம் மாறும், மணல் வரும், மரங்களுக்கு நடுவே நல்ல ஓட்டம் வரும். கடைசிப் பகுதியில் கரை உயர்த்திக் கட்டிய வளைவுகள், பிரேக்கைத் தொடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாய்ந்து சாய்ந்து வரலாம். அந்த முடிவுக்காகவே மேலே பட்ட பாடு தகும் என்பேன்.

மேலே போய்ச் சேர இரண்டு வழி. பிக் மெடோவில் தொடங்கி ரிம் ட்ரெயிலில் ஏறிப்போய் டோட்ஸ் பிரியும் இடத்தை அடைவது ஒன்று. ஃபவுன்டன் பிளேஸ் சாலையில் ஏறி, ஆர்ம்ஸ்ட்ராங் கணவாய்க்குப் போகும் இணைப்புப் பாதையைப் பிடித்து, ரிம் ட்ரெயிலில் தெற்கே வந்து டோட்ஸில் இறங்குவது இன்னொன்று. இரண்டாவது நீளமான பெரிய சுற்று, முழு நாளும் போய்விடும், ஆனால் ஏரி பார்க்கும் ஆசையும் அதில்தான் தீரும், மேலே முகட்டில் ஏறியதும் டாஹோ மொத்தமும் கீழே விரியும். பயிற்சி இருந்தால் எனக்குப் பிடித்த வழி இதுதான்.

டோட்ஸுக்கு ஃபுல் சஸ்பென்ஷன், அதாவது முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் அமைப்புள்ள சைக்கிள் வேண்டும். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளதை வைத்தும் சிலர் இறங்குகிறார்கள், அவர்கள் பல வருடமாக ஓட்டுகிறவர்கள். முழங்கால் கவசம் கட்டாயம் போடுங்கள். உங்கள் அளவு தெரியவில்லை என்றால் அதே பகுதியில் இருக்கும் கோரல் ட்ரெயிலில் முதலில் ஓட்டிப் பாருங்கள், அங்கேயே பாறைப்பகுதியில் தடுமாறினால் டோட்ஸை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது. இங்கே பள்ளத்தாக்கு ஓரம் என்று பெரிதாக எதுவும் இல்லை, அதனால் உயரம் பிடிக்காமல் ஃப்ளூமில் நடுங்குகிறவர் டோட்ஸில் சிரித்துக்கொண்டே வருவதும், ஃப்ளூமில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர் டோட்ஸின் முதல் பாறையிலேயே இறங்கி நிற்பதும் நடக்கும்.

மூன்றாவது, நான் முதலில் சிபாரிசு செய்வது, ரிம் ட்ரெயிலில் டாஹோ மெடோஸிலிருந்து டனல் க்ரீக் வரை உள்ள 9 மைல். மவுண்ட் ரோஸ் நெடுஞ்சாலையில், 8,700 அடிக்குப் பக்கத்தில் தொடங்கி, முகட்டிலேயே ஏறி இறங்கிப் போகிறது. ஒரு திருப்பத்தில் டாஹோ, இன்னொரு திருப்பத்தில் மறுபக்கம் வாஷோ பள்ளத்தாக்கின் பழுப்பு நிலம். பாறையும் உண்டு, ஆனால் டோட்ஸ் அளவுக்கு மிரட்டாது. உயரமும் உண்டு, ஆனால் ஃப்ளூம் மாதிரி ஓரத்திலேயே நிற்கவைக்காது. இரண்டு பயமும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பவருக்கு இதுதான் இடம். முடிவில் அதே டனல் க்ரீக் சாலையில் ஏரிக்கரைக்கு இறங்கலாம். மொத்தத்தில் 2,000 அடிக்கு மேல் இறக்கம்தான், என்றாலும் நடுவில் வரும் சின்னச்சின்ன ஏற்றங்கள் அந்த உயரத்தில் மூச்சைப் பிடிக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை, இந்தப் பகுதியில் இரட்டைப்படைத் தேதிகளில் மட்டும்தான் சைக்கிள் விடுவார்கள். ஒற்றைப்படை நாட்கள் நடப்பவர்களுக்கு. 31-ஆம் தேதி முடிந்து 1-ஆம் தேதி வந்தால் அடுத்தடுத்து இரண்டு நாளும் கதவு மூடியதுதான், நீண்ட வார இறுதிக்குத் திட்டமிடும்போது காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை 4 எப்போதும் நமக்குச் சாதகம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நடப்பவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள், நாமும் ஒவ்வொரு வளைவிலும் யார் வருவார்களோ என்று பதறாமல் ஓட்டுகிறோம். கூட்டம் நிறைந்த எல்லா மலைப்பாதைகளிலும் இதைச் செய்யலாம். தொடக்கமும் முடிவும் வேறு வேறு உயரத்தில் இருப்பதால் இரண்டு கார் வேண்டும், அல்லது ஷட்டில்.

நார்த்ஸ்டார் பைக் பார்க்கையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். டிரக்கி பக்கம், பனிச்சறுக்கு லிஃப்டில் சைக்கிளோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கலாம், லைவ்வயர் என்ற தாவல் பாதைக்குப் பெயர் பெற்றது. நல்ல இடம், டிக்கெட் வாங்க வேண்டும், வாடகைக்குச் சைக்கிளும் கவசமும் கிடைக்கும். ஆனால் ஏரியைப் பார்த்து ஓட்ட வந்தவர்களுக்கு அது வேறு விளையாட்டு. டீன்ஏஜ் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் அங்கேதான் போகவேண்டும் என்பார்கள், விட்டுவிடுங்கள்.

எந்தப் பாதையானாலும் சில விஷயம் பொது. கடல் மட்டத்தில் வாழ்கிற நாம் வெள்ளி இரவு நாலு மணிநேரம் கார் ஓட்டிப்போய் சனிக்கிழமை காலையிலேயே 8,000 அடியில் மிதித்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும், பழக்கத்தைவிட ஒரு கியர் குறைத்தே ஓட்டுங்கள். தண்ணீர் இரண்டு மூன்று லிட்டர். மண் கிரானைட் பொடிந்தது, ஆகஸ்டில் காய்ந்து ஆற்றுமணல் மாதிரி ஆகிவிடும். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் விட்டால் சைக்கிள் தானே வழி கண்டுபிடிக்கும். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் கிடைத்தால் வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள், அந்தப் பிடிமானத்துக்கு ஈடு இல்லை. கோடை மதியங்களில் இடிமழை வரும், முகட்டில் இருக்கும்போது கருமேகம் கூடினால் கீழே இறங்கிவிட வேண்டும். காரில் சாப்பாடு வைத்துவிட்டுப் போகாதீர்கள், கரடி கதவைத் திறந்துவிடும். இ-பைக் வைத்திருப்பவர்கள் புறப்படுமுன் விதியைப் பார்க்கவும், மாநிலப் பூங்காவுக்கு ஒன்று, தேசிய வனத்துக்கு ஒன்று என்று இருக்கிறது.

பருவம் ஜூனிலிருந்து அக்டோபர் வரை. பனி அதிகம் விழுந்த வருடங்களில் மேல்பாதைகள் ஜூலை வரைகூடத் திறக்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை பெரிய கவலை. 2021-இல் கால்டர் தீ ஏரிக்குத் தெற்கே உள்ள கிறிஸ்மஸ் வேலி வரை இறங்கி வந்து, சவுத் லேக் டாஹோ நகரத்தையே காலி செய்ய வைத்தது. புகை இருந்தால் மலைக்கு மேல் மூச்சுவாங்க மிதிப்பது வேண்டாம், பயணத்தையே தள்ளிப்போடுங்கள். மாதத்தை நாமே தேர்ந்தெடுக்க முடிந்தால் செப்டம்பர் கடைசிதான் என் தேர்வு, கூட்டம் குறைந்து, வெயில் தணிந்து, ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். ஃப்ளூமுக்கு ஏறும் நார்த் கேன்யன் சாலையில் அந்த மஞ்சள் நிறைய உண்டு, அந்தச் சமயத்தில் மட்டும் ஏற்றமே கண்ணுக்குக் குளிர்ச்சி.

ஆக, ஒரே நாள், தேதி இரட்டைப்படை, ஓரளவு ஓட்டத் தெரியும் என்றால் ரிம் ட்ரெயில். தேதி ஒற்றைப்படை, அல்லது கூட வருபவர் ஒற்றையடிப் பாதைக்கே புதியவர், உயரம் அவருக்குப் பிரச்சினை இல்லை என்றால் ஃப்ளூம். கையில் நல்ல சைக்கிளும் பாறையில் இறங்கிய பழக்கமும் இருந்தால் டோட்ஸ், அதுவும் காலையிலேயே, கை களைக்கும் முன். இரண்டு நாள் கிடைத்தால் ஃப்ளூமை முதல் நாளும் டோட்ஸை மறுநாளும் வையுங்கள், உயரத்துக்கு உடம்பு பழகியபின் பாறையில் இறங்குவது நல்லது. சைக்கிள் ஓட்டாத குடும்பத்தினருக்கும் வழி இருக்கிறது: டனல் க்ரீக்கிலிருந்து சாண்ட் ஹார்பர் வரை ஏரியை ஒட்டியே 3 மைல் தார்ப்பாதை 2019-இல் திறந்தார்கள், தாத்தா பாட்டியோடு மெதுவாக நடக்கலாம், குழந்தைகள் சின்னச் சைக்கிள் ஓட்டலாம். ஃப்ளூமும் ரிம் ட்ரெயிலும் வந்து முடிகிற இடத்திலேயே அது தொடங்குவதால் காலையில் அவர்களை அங்கே இறக்கிவிட்டுப் போனால், நீங்கள் மலையிலிருந்து இறங்கி வரும்போது நேராக அவர்களிடமே வந்து சேரலாம்.