ஹாம் செயற்கைக்கோள்களைப் பின்தொடர ஜிபிரெடிக்ட்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டிற்குப் பின் ஒரு மதிப்புரை

ஹாம் (அமெச்சூர்) வானொலியாளர்கள் பேசப் பயன்படுத்தும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை தாழ்வான பாதையில் சுற்றுவதால், ஒரு நாளில் சில முறை மட்டுமே நம் அடிவானத்திற்கு மேலே எழுகின்றன. எழுந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் மறைந்துவிடுகின்றன. ஆண்டெனாவை எந்தத் திசையில் திருப்புவது, எந்த அதிர்வெண்ணில் கேட்பது என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தால் ‘பாஸ்’ எனப்படும் அந்தக் கடப்பு கைநழுவிப் போய்விடும். இவற்றை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லும் நிரல்களில், நான் நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்திவருவது ஜிபிரெடிக்ட். லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும் இது முற்றிலும் இலவசமானது. மூலநிரலும் திறந்தே கிடைக்கிறது. இதைவிடக் கண்ணுக்கு அழகான நிரல்கள் இருக்கின்றன. ஆயினும் லீனியர் டிரான்ஸ்பாண்டர் (ஓர் அலைப்பட்டை முழுவதையும் வாங்கி வேறு பட்டையில் திருப்பி அனுப்பும் கருவி) உள்ள செயற்கைக்கோள்கள் வழியே பேச விரும்புகிறவருக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவது நல்லது. எந்த நிரல் மிகத் துல்லியமானது என்று புதியவர்கள் கேட்பதுண்டு. செயற்கைக்கோளின் இடத்தைக் கணக்கிட ஏறக்குறைய எல்லா நிரல்களும் பயன்படுத்துவது, 1980-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கையில் விளக்கப்பட்ட எஸ்ஜிபி4 என்னும் ஒரே கணித முறையைத்தான்; ஒரு சுற்றுக்கு 225 நிமிடங்களுக்கு மேல் எடுக்கும் உயர்ந்த பாதைகளுக்கு அதன் துணையான எஸ்டிபி4 பயன்படுகிறது. ஜிபிரெடிக்டும் இவற்றையே பயன்படுத்துகிறது. ஆகவே விடையின் துல்லியம், நிரலுக்கு நாம் கொடுக்கும் மூன்று செய்திகளைப் பொறுத்தது: நாம் இருக்கும் இடம், சரியான நேரம், புதிய சுற்றுப்பாதைத் தரவு.

இடத்தைக் கொடுப்பது எளிது. அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் ஆகியவற்றை நிரப்பினால் போதும். ஹாம்கள் தம் இடத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் கட்ட எண்ணை மட்டும் கொடுத்தாலும் நிரல் ஏற்றுக்கொள்கிறது. நேரம்தான் என்னை ஒருமுறை பெரிதும் அலைக்கழித்தது. பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு நேர் மேலே கடக்கும் ஒரு பாஸ். மடிக்கணினித் திரையைப் பார்த்தபடி கையிலிருந்த யாகி என்னும் திசை ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அடிவானத்தில் ஓரளவு கேட்ட குரல்கள், நிலையம் உச்சிக்கு வந்து மிகத் தெளிவாகக் கேட்க வேண்டிய நேரத்தில் இரைச்சலில் அமிழ்ந்துவிட்டன. பொறுமையிழந்து, திரை காட்டிய இடத்திற்கு வெகுதூரம் முன்னே ஆண்டெனாவை வீசியபோது குரல்கள் பளிச்சென்று திரும்பி வந்தன. பிறகு பார்த்தால் என் கணினியின் கடிகாரம் நாற்பது வினாடி பின்தங்கியிருந்தது. நிலையம் வினாடிக்கு ஏறத்தாழ 7.66 கிலோமீட்டர் ஓடுகிறது. நாற்பது வினாடியில் 300 கிலோமீட்டர். ஏறத்தாழ 420 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேலே இருக்கும் ஒன்றுக்கு அது 35 பாகைப் பிழை, அதாவது சிறிய யாகியின் பார்வைக்கு வெளியே. அன்றிலிருந்து ஒவ்வொரு பாஸுக்கும் முன் கடிகாரத்தை இணையத்தோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன்.

சுற்றுப்பாதைத் தரவு, ஹாம்கள் ‘கெப்ஸ்’ என்று சொல்லும் இரண்டு வரிகளாக வருகிறது. ஒவ்வொரு வரியிலும் 69 எழுத்துகள். சாய்வுக் கோணம், பாதையின் நீள்வட்டத் தன்மை, காற்றின் இழுவை, ஒரு நாளில் எத்தனை சுற்று என்பனவெல்லாம் அந்த எண்களுக்குள் இடம் பார்த்து அடுக்கப்பட்டிருக்கின்றன. விண்வெளி நிலையத்தின் வரியில் 51.6-ஐ ஒட்டிய எண்ணையும் 15.5-ஐ ஒட்டிய எண்ணையும் யாரும் கண்டுபிடித்துவிடலாம். முன்னது சாய்வு, பின்னது ஒரு நாளின் சுற்றுகள். டி. எஸ். கெல்சோ 1985 முதல் நடத்திவரும் செலஸ்ட்ராக் தளத்திலிருந்து இவற்றை ஜிபிரெடிக்ட் தானே இறக்கிக்கொள்ளும். பின்னணியில் தானாகப் புதுப்பிக்கவும் பணித்துவிடலாம். இந்தத் தரவில் தொடக்கத்திலேயே ஒரு கிலோமீட்டர் அளவில் பிழை இருக்கும். நாள் ஆக ஆக அது வளரும். உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்குச் சில வாரப் பழைய தரவும் போதும். விண்வெளி நிலையம் அப்படியன்று: காற்றின் இழுவையால் தாழ்வதும் உந்துபொறியால் மீண்டும் உயர்த்தப்படுவதுமாக இருப்பதால், அதற்கு இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்த தரவையே நம்புகிறேன்.

திரையில் உலக வரைபடம், வட்ட வடிவ வான வரைபடம், பட்டியல் எனப் பல காட்சிகளை நம் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பயன்படுவது வட்ட வரைபடம். அடிவானம் விளிம்பாகவும் உச்சி நடுவாகவும் இருக்கும் அந்த வட்டத்தில் பாஸின் முழுப் பாதையும் ஒரு வளைகோடாக வரையப்பட்டுவிடுகிறது. தரையில் விரித்த வரைபடத்தில் கிழக்கு வலப்பக்கம் இருக்கும். தலைக்கு மேலே பிடித்துப் பார்க்கும் வான வரைபடத்திலோ இடப்பக்கம் வரும். இந்தக் குழப்பத்தை உணர்ந்து, வடக்கும் கிழக்கும் எப்பக்கம் இருக்க வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்க விட்டிருக்கிறார்கள். நேரத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. நாளைய பாஸ் மரங்களுக்குப் பின்னால் போகுமா என்பதை இன்றே ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

செயற்கைக்கோள் வெயிலில் இருக்கிறதா, பூமியின் நிழலில் இருக்கிறதா என்பதைக் காட்டும் சிறு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. ஏஓ-7 என்னும் பழைய ஹாம் செயற்கைக்கோளுக்கு அதுவே உயிர்நாடி. 1974 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோள், மின்கலம் பழுதாகி 1981-இல் மௌனமாகிவிட்டது. 2002 ஜூன் 21 அன்று அதன் குரல் மீண்டும் கேட்டது. இன்று அது சூரியத் தகடுகளின் மின்சாரத்தில் மட்டும் இயங்குகிறது; நிழலுக்குள் நுழைந்த கணத்தில் அணைந்துவிடும். ஐம்பது ஆண்டுக்கு முன் கையால் கட்டப்பட்ட ஒரு கருவியின் வழியே என் குரல் எதிரொலித்து வந்த நாளை நான் மறக்கவில்லை. நிழலுக்குள் நுழைய மூன்று நிமிடம் இருக்கிறது என்று ஜிபிரெடிக்ட் காட்டியதால்தான் அந்த உரையாடலைச் சுருக்கமாகவும் முறையாகவும் முடிக்க முடிந்தது.

இனி இந்த நிரலின் உண்மையான பலத்திற்கு வருகிறேன். எஃப்எம் செயற்கைக்கோள்களுக்கு டாப்ளர் விலகலை, அதாவது செயற்கைக்கோளின் வேகத்தால் அதிர்வெண் மாறிக் கேட்பதை, கையாலேயே சமாளிக்கலாம். விண்வெளி நிலையத்தில் உள்ள, கேட்டதை மீண்டும் ஒலிபரப்பும் ரிப்பீட்டர் 437.800 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது, எழும்போது 437.810-இல் கேட்கத் தொடங்கி, ஐந்தைந்து கிலோஹெர்ட்ஸாக இறங்கி, மறையும்போது 437.790-இல் முடிக்கலாம். இதற்குக் கணினியே தேவையில்லை. ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்எஸ்பி) என்னும் குறுகிய அலை முறையில் பேசும் லீனியர் டிரான்ஸ்பாண்டரில் நிலைமை வேறு. அங்கே நூறு ஹெர்ட்ஸ் பிசகினாலே குரல் இயல்பை இழந்துவிடும்.

ஆர்எஸ்-44 என்னும் லீனியர் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பர் 26 அன்று ஏவப்பட்ட இது ஏறத்தாழ 1,200 முதல் 1,500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், நல்ல பாஸ் இருபது நிமிடம் வரை நீடிக்கும். இதில் 145.935 முதல் 145.995 வரை மேலே அனுப்புவது, 435.670 முதல் 435.610 வரை தலைகீழாகக் கீழே வருகிறது. கூட்டிப் பாருங்கள்: 145.935-உடன் 435.670 சேர்ந்தாலும், 145.965-உடன் 435.640 சேர்ந்தாலும் விடை 581.605 மெகாஹெர்ட்ஸ்தான். ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்க வேண்டும். ஜிபிரெடிக்டின் வானொலிக் கட்டுப்பாட்டுச் சாளரத்தில் ‘டி’ பொத்தானை அழுத்தினால் டிரான்ஸ்பாண்டரின் நடுவுக்குப் போகிறது. ‘எல்’ பொத்தானை அழுத்தினால் இந்தத் தலைகீழ் உறவு பூட்டப்படுகிறது. அதன்பின் நான் கேட்கும் அதிர்வெண்ணை மட்டும் நகர்த்துகிறேன். அனுப்பும் அதிர்வெண் தானே எதிர்த்திசையில் நகர்கிறது. இதற்கு மேல் டாப்ளர் திருத்தத்தையும் நிரலே சேர்க்கிறது: செயற்கைக்கோள் எழும்போது ஏற்பியை எட்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உயர்த்தியும், அனுப்பியை மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவு தாழ்த்தியும் வைத்து, உச்சியில் இரண்டையும் உண்மையான மதிப்புக்குக் கொண்டுவந்து, பின் மறுபக்கம் தள்ளுகிறது. தலைக்கு நேர் மேலே கடக்கும் பாஸின் நடுவில் கீழ்வரும் அலை வினாடிக்கு ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் வேகத்தில் நழுவும். மைக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைத் துரத்துவது எவ்வளவு கடினம் என்பதை முயன்றவர்கள் அறிவார்கள். நிரல் பார்த்துக்கொள்ளும்போது மனம் முழுவதும் எதிரில் பேசுபவரிடம் இருக்கிறது.

இதை இயக்க ஹாம்லிப் என்னும் மற்றொரு இலவச நிரலின் துணை வேண்டும். அதில் ரிக்சிடிஎல்டி பகுதி வானொலியோடு 4532 என்ற துறை (போர்ட்) எண்ணிலும், ரோட்சிடிஎல்டி பகுதி ஆண்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டரோடு 4533-இலும் பேசுகின்றன. மென்பொருள் வானொலியான ஜிக்யூஆர்எக்ஸைக் கொண்டு கேட்பவர்கள் 7356 என்று கொடுத்தால் போதும், ஹாம்லிப் தேவையில்லை. ரோட்டேட்டர் வைத்திருப்பவர்கள் அது 0 முதல் 360 வரை திரும்புமா, –180 முதல் +180 வரையா என்பதை அமைப்பில் சரியாகக் குறித்துவிட வேண்டும். தவறினால், நிரல் கேட்கும் திசைக்கு ரோட்டேட்டர் திரும்ப மறுத்துப் பாதி வழியில் நின்றுவிடும்.

குறைகளும் உண்டு. வானொலியை இணைக்கும் முறையை நிரலுக்குள்ளேயே படிப்படியாக விளக்கும் வழிகாட்டி இல்லை. முதல் இணைப்புக்கு நான் ஒரு வார மாலைப்பொழுதுகளைச் செலவிட்டேன். பேசியவர்களைப் பதிந்துவைக்கும் பதிவேடு கிடையாது. எண்களும் சாளரங்களும் நிறைந்த தோற்றம் புதியவரை முதலில் மிரட்டும். எந்த வானொலியின் அலையியற்றியிலும் சிறு பிழை இருக்கும் என்பதால், கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் என் குரலை நானே கேட்டு நேர் செய்துகொள்வதைத் தவிர்க்க முடியவில்லை; என் கருவிகளுக்கான விலகலை ஒரு காகிதத்தில் எழுதிக் கணினியின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். கைபேசிக்கான பதிப்பும் இல்லை. எஃப்எம் செயற்கைக்கோள்களை மட்டும் கையடக்கக் கருவியால் கேட்பவருக்கு ஆண்ட்ராய்டில் கிடைக்கும் லுக்4சாட் போதுமானது, அதுவும் இலவசம்தான். 25.9 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே அசையாமல் நிற்கும் க்யூஓ-100 செயற்கைக்கோளை மட்டும் பயன்படுத்துபவருக்கோ, ஆண்டெனாவை ஒருமுறை திருப்பிவைத்த பின் பின்தொடரும் வேலையே இல்லை.

லீனியர் பக்கம் வர நினைப்பவர், ஜிபிரெடிக்டை நிறுவி, பட்டியலில் நூறு செயற்கைக்கோள்களைக் கொட்டாமல் ஆர்எஸ்-44, ஏஓ-7 ஆகிய இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும். முதல் சில பாஸ்களில் எதையும் அனுப்பாமல், ஆர்எஸ்-44 தன் அடையாளமாக 435.605 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் பீக்கனை மட்டும் திருத்தத்தோடு கேட்டுப் பார்க்கலாம். எழுவது முதல் மறைவது வரை அந்த மோர்ஸ் ஒலியின் சுருதி மாறாமல் நின்றால் இடம், நேரம், தரவு ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றன. நடு பாஸில் மட்டும் சுருதி வழுக்கினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.