தற்காப்புக்கு .327 ஃபெடரல் மேக்னம்: தோட்டா நல்லது, கிடைப்பதுதான் பாடு

கையடக்க ரிவால்வரின் சிலிண்டரில் (தோட்டா போடும் சுழல் உருளை) .357 மேக்னம் தோட்டா ஐந்துதான் அடங்கும். குண்டின் விட்டத்தை 0.312 அங்குலமாகக் குறைத்தால், அதே அளவு சிலிண்டரில் ஆறு போடலாம். .327 ஃபெடரல் மேக்னம் வந்ததே இதற்காகத்தான். தோட்டா தயாரிக்கும் ஃபெடரலும் துப்பாக்கி தயாரிக்கும் ரூகரும் சேர்ந்து எஸ்பி101 ரிவால்வரோடு இதை அறிமுகப்படுத்தின. பின்னால் வந்த ரூகரின் எல்சிஆர் ரிவால்வரிலும் இதே கணக்குதான்.

சக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 100 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு நொடிக்கு 1,500 அடி வேகத்தில் போனால் சுமார் 500 அடி-பவுண்டு ஆற்றல். இரண்டங்குல பேரலில் (குழலில்) அந்த வேகம் கிடைக்காது, ஆனாலும் .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மேலேதான் நிற்கும், சுடும்போது கையில் வரும் உதையோ .357-ஐவிடக் குறைவு. சத்தம்தான் கொடுமை. இதன் உச்ச அழுத்தம் 45,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); .357-க்கே 35,000தான். மூடிய அறைக்குள், காதுக்கவசம் இல்லாமல் சுட்டால் காது நிரந்தரமாகப் பழுதாகலாம். வீட்டுப் பாதுகாப்புக்காக வைத்திருப்பவர்கள் முழு வேக லோடை (தோட்டா வகையை) விட்டுவிட்டு, உதை குறைந்த 85 கிரெய்ன் ஹாலோ பாயிண்ட்டை (நுனியில் குழியுள்ள, பட்டதும் விரியும் குண்டு) எடுப்பது நல்லது.

.32 எச்&ஆர் மேக்னம், .32 எஸ்&டபிள்யூ லாங் இரண்டையும் இதே ரிவால்வரில் சுடலாம் என்பது பெரிய வசதி. பயிற்சிக்கு லாங் அருமை, உதையே தெரியாது. ஆனால் லாங்கின் கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) நீளம் 0.920 அங்குலம், .327-க்கு 1.200. குட்டைத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால், கேஸ் வாய்க்கு முன்னால் சேம்பரில் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளை) கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அதைத் தேய்த்து எடுக்காமல் .327-ஐப் போட்டால் கடைசிக் கால் அங்குலம் உள்ளே இறங்காது. விரலால் அழுத்தித் திணிக்கவே கூடாது: சிலிண்டர் மூடாமல் போகலாம், சுட்ட கேஸ் இறுகிக்கொள்ளலாம். சால்வென்ட் (கரி நீக்கும் திரவம்) தொட்ட வெண்கல பிரஷ்ஷால் ஆறு சேம்பரையும் தேய்த்து, ஒரு .327 தோட்டா தன் எடையிலேயே விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் சரி. லோடு மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். குறிகாட்டியை நகர்த்த முடியாத ஃபிக்ஸட் சைட் ரிவால்வரில் தற்காப்பு லோடையே சுட்டு இலக்குப் பார்த்தாக வேண்டும்.

சுட்ட கேஸை வெளியேற்றுவதிலும் கவனம் தேவை. குட்டை பேரலில், கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் ராடும் குட்டை. அழுத்தம் அதிகமென்பதால் கேஸ் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பேரலை மேல்நோக்கிப் பிடித்து, உள்ளங்கையால் ராடில் ஒரே வேகமான அடி. மெல்ல அழுத்தினால் கேஸ் பாதியில் நிற்கும்.

ஆகப்பெரிய சிக்கல் சப்ளை. தற்காப்பு லோடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். தட்டுப்பாடு வந்தால் தொழிற்சாலைகள் முதலில் அதிகம் விற்கும் 9 மி.மீ. தோட்டாவைத்தான் தயாரிக்கும். ஸ்பீட்லோடர் (தோட்டாக்களை ஒரே நேரத்தில் சிலிண்டரில் போடும் கருவி), உறை எல்லாமே தேடித்தான் வாங்க வேண்டும். லாங்கைக் கொண்டு சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்: லாங்கின் குறைந்த வேகத்தில் ஹாலோ பாயிண்ட் விரிவதை நம்ப முடியாது.

முதல் துப்பாக்கி வாங்குபவருக்கு .38 ஸ்பெஷல் போதும். .357-இன் உதையைத் தாங்க முடியாதவர், ஆறாவது தோட்டா வேண்டும் என்பவர், சுட்ட கேஸைச் சேர்த்துவைத்து ரீலோடு செய்பவர் (தானே மறுபடி தோட்டாவாக்குபவர்) — இவர்கள் தயங்காமல் .327 வாங்கலாம். வாங்கும்போதே தற்காப்பு லோடை ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) சில பெட்டிகள் சேர்த்து எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அதே லோடு கடையில் இருக்குமென்ற உறுதி கிடையாது.